25 வருஷம், 10 வயசு, ஒரு கோப்பை: போக்கிமான் ரசிகர்கள் இன்னும் பேசித் தீராத அந்த எபிசோட்!

2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் டிவி டோக்கியோ சேனலில் வழக்கமான மாலை நேர கார்ட்டூன் ஒளிபரப்பாகிறது. அதில் தொப்பி போட்ட 10 வயதுப் பையன் ஒருவன் ஒரு போட்டியில் ஜெயிக்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஆனால், அந்தச் செய்தி சில மணி நேரத்தில் உலகம் முழுக்கப் பரவியது. டோக்கியோவின் பரபரப்பான ஷிபுயா சந்திப்பில் இருக்கும் ராட்சதத் திரைகளில் அவன் வெற்றி ஓட, கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து போனில் படம் பிடித்தார்கள். கார்ட்டூன் பக்கமே எட்டிப் பார்க்காத செய்தி நிறுவனங்கள்கூட 'ஆஷ் உலக சாம்பியன் ஆனான்' என்று விளையாட்டுச் செய்தி போல எழுதின.

'ஒரு கார்ட்டூன் பையன் ஜெயிச்சதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று கேட்கத் தோன்றும். காரணம் எளிது. அவன் அதற்கு முன் 25 வருஷமாகப் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தான்.

யார் இந்த ஆஷ்?

'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம்தான் போக்கிமான். 1996-ல் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கான வீடியோ கேமாக ஜப்பானில் வெளிவந்தது. உருவாக்கியவர் சதோஷி தஜிரி. சின்ன வயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஊர் நகரமாகி, வயலும் குளமும் கட்டடங்களாக மாறிய பிறகு, அந்தச் சந்தோஷத்தை இன்றைய பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு. காட்டிலும் மேட்டிலும் திரியும் விசித்திர உயிரினங்களைப் பந்துக்குள் பிடித்து, பழக்கி, நண்பனாக்கி, மற்றவர்களின் உயிரினங்களோடு மோத விடுவதுதான் ஆட்டம்.

அடுத்த ஆண்டே, 1997 ஏப்ரல் 1 அன்று டிவி தொடர் ஆரம்பமானது. ஜப்பானில் கதாநாயகனின் பெயர் சதோஷி. ஆம், தஜிரியின் பெயரேதான். மற்ற நாடுகளுக்குப் போனபோது அவன் ஆஷ் கெட்சம் ஆனான். இந்தியாவுக்கு 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக வந்தவனும் இந்த ஆஷ்தான். பள்ளி விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன் உட்கார்ந்த தலைமுறைக்கு அவனைத் தனியாக அறிமுகம் செய்யத் தேவையில்லை.

முதல் எபிசோடிலேயே அவன் குணம் தெரிந்துவிடும். முதல் போக்கிமானை வாங்க வேண்டிய நாளில் தூங்கிவிட்டுத் தாமதமாகப் போகிறான். நல்லதெல்லாம் மற்றவர்கள் எடுத்துப் போய்விட, மிச்சம் இருப்பது பிகாச்சு. அது பந்துக்குள் போக மறுக்கிறது, அவன் பேச்சையும் கேட்க மறுக்கிறது. அன்றே ஒரு பறவைக் கூட்டம் துரத்தும்போது, ஆஷ் பிகாச்சுவைக் காப்பாற்றத் தன் உடம்பையே குறுக்கே நிறுத்துகிறான். அங்கே தொடங்கியது அந்த நட்பு.

தோல்விகளின் பட்டியல்

ஆஷின் லட்சியம் 'போக்கிமான் மாஸ்டர்' ஆவது. ஒவ்வொரு நாட்டிலும் எட்டு பேட்ஜ் சேர்த்தால் அங்கே நடக்கும் பெரிய லீக் போட்டிக்குப் போகலாம். அவன் போனான். என்ன ஆனது?

* கான்டோ: கடைசி 16 பேரில் ஒருவன். நண்பன் ரிட்சியுடன் மோதும்போது, ஆஷின் சாரிசார்ட் 'சண்டை போட மாட்டேன்' என்று படுத்துவிட்டது.
* ஜோட்டோ: காலிறுதி. ஹாரிசனிடம் தோல்வி.
* ஹோயென்: மறுபடியும் காலிறுதி. டைசனிடம் தோல்வி.
* சின்னோ: அரையிறுதி. எதிராளி டோபியாஸ் கையில் டார்க்ராய், லாட்டியோஸ் என அபூர்வ போக்கிமான்கள்.
* யுனோவா: காலிறுதி. ஆறு போக்கிமான் கொண்டுவர வேண்டிய ஆட்டத்துக்கு ஐந்தோடு வந்த கேமரனிடம் தோல்வி!
* காலோஸ்: இறுதிப் போட்டி. அலனிடம் தோல்வி.

இதற்கு நடுவே ஆரஞ்சுத் தீவுகளில் ஒரு வெற்றி, 'பேட்டில் ஃபிரன்டியர்' சவாலில் ஒரு வெற்றி உண்டு. ஆனால், ரசிகர்கள் பலர் அதைப் பெரிய லீக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சேர்க்கணும்', 'சேர்க்கக் கூடாது' என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

இந்தப் பட்டியலில் ரசிகர்களுக்கு ஆறாத ரணம் மூன்று. சின்னோவில் எங்கிருந்தோ வந்த டோபியாஸ், கதைக்கே சம்பந்தமில்லாமல் ஆஷை வெளியேற்றியது முதலாவது. ஆனாலும் அந்த டார்க்ராயை வீழ்த்தியவன் ஆஷ்தான் என்பதை ரசிகர்கள் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள். ஐந்து போக்கிமானோடு வந்தவனிடம் தோற்றது இரண்டாவது. அது அவமானம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது, 2016-ல் காலோஸ் இறுதிப் போட்டி. ஆஷும் அவனுடைய கிரெனிஞ்சாவும் ஒரே உயிர் போல இணைந்து சண்டை போட்ட அந்தத் தொடரில், 'இந்த முறை நிச்சயம்' என்று எல்லோரும் நம்பினார்கள். கடைசி அடியில் கிரெனிஞ்சா விழுந்தபோது பல நாட்டு ரசிகர்கள் கொதித்தே போனார்கள்.

ஏன் ஜெயிக்கவே விடவில்லை?

இதற்கான விடை கதைக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கேம் வெளிவரும். அதில் புதிய நாடு, புதிய உயிரினங்கள். டிவி தொடரும் அங்கே நகர வேண்டும். அந்த வருஷம் முதன்முதலாகப் பார்க்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு, முந்தைய கதை தெரியாமலும் புரிய வேண்டும். அதற்கு ஆஷ் மறுபடி கற்றுக்குட்டியாக இருந்தால்தான் வசதி. உலக சாம்பியன் ஒருவன் பக்கத்து ஊர்ப் பையனிடம் பாடம் கற்றால் நன்றாகவா இருக்கும்?

அதனால், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஆஷ் தன் போக்கிமான்களை எல்லாம் பேராசிரியர் ஓக்கின் இடத்தில் விட்டுவிட்டு, பிகாச்சுவை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்புவான். யுனோவா தொடரின் ஆரம்பத்தில் இது உச்சத்துக்குப் போனது. இடி மின்னல் தாக்கி பிகாச்சுவின் மின்சார சக்தி தற்காலிகமாக நின்றுபோக, அன்றுதான் பயணம் தொடங்கிய ஒரு பையனின் முதல் போக்கிமானிடம் தோற்றுப்போனது. டார்க்ராயை வீழ்த்திய ஆஷ் அடுத்த தொடரின் முதல் வாரத்திலேயே இப்படித் தோற்றதை ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால், இதே ஏற்பாடுதான் அவனை 25 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றி கிடைத்துவிட்டால் பயணத்துக்கு என்ன காரணம் மிஞ்சும்? தோற்ற பிறகு ஆஷ் என்ன செய்வான் என்பதில்தான் தொடரின் நிஜமான பாடம் இருந்தது. ஜெயித்தவனுக்குக் கை கொடுப்பான். ராத்திரி தனியாக உட்கார்ந்து கொஞ்சம் வருத்தப்படுவான். மறுநாள் அடுத்த ஊரின் பெயரைக் கேட்டதும் கண் பளிச்சிடும். 'ஒரு மார்க் குறைஞ்சா உலகமே முடிஞ்சுபோச்சு' என்று நினைக்கும் வயதில், வாராவாரம் இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வயசே ஏறலையே!

பயணம் தொடங்கும்போது ஆஷுக்கு 10 வயது. 1,200 எபிசோடுகளைத் தாண்டிய பிறகும் 10 வயதுதான். பார்த்தவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் நாளிலும் அவன் அதே ஐந்தாம் வகுப்புப் பையன்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு ஒரு தியரி சொன்னார்கள். முதல் எபிசோடில் வானவில்லுக்கு மேலே ஆஷ் பார்த்த பொன்னிறப் பறவை, ஹோ-ஓ, அவனுக்கு என்றும் இளமையாக இருக்கும் வரம் கொடுத்துவிட்டது என்பது ஒன்று. முதல் நாள் மின்னல் தாக்கி அவன் கோமாவில் படுத்திருக்கிறான், மீதியெல்லாம் அவன் கனவு என்பது இன்னொன்று. தயாரிப்பாளர்கள் எதையும் ஏற்றதில்லை.

ஆரம்ப ஆண்டுகளில் தலைமை எழுத்தாளராக இருந்த தகேஷி ஷூடோ, தான் மனதில் வைத்திருந்த ஒரு முடிவைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். வயதாகிப்போன சதோஷி, தன் சிறுவயதுப் பயணத்தை நினைத்துப் பார்ப்பதாக அது அமைந்திருக்கும். அந்த முடிவு படமாகவே இல்லை. ஷூடோ 2010-ல் காலமானார். ஆஷ் முதியவன் ஆகவில்லை, இளைஞனாகவும் ஆகவில்லை.

அந்தக் கடைசி மோதல்

2019 செப்டம்பரில் அலோலா தீவுகளில் ஆஷ் முதன்முறையாக ஒரு லீக்கை ஜெயித்தான். அதுவே பெரிய செய்தி. ஆனால், 'அலோலாவில் அப்போதுதான் முதல் லீக்கே நடக்குது, போட்டி எளிது' என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கான பதில் அடுத்த தொடரில் வந்தது.

'வேர்ல்டு கரோனேஷன் சீரிஸ்' என்ற உலகத் தரவரிசைப் போட்டியில் ஆஷ் அடிமட்டத்திலிருந்து ஏறுகிறான். கடைசி எட்டுப் பேரில் பழைய நாடுகளின் சாம்பியன்கள் வரிசையாக நிற்கிறார்கள். லான்ஸ், ஸ்டீவன், சிந்தியா, டயாந்தா, முன்பு அவனோடு பயணம் செய்த ஐரிஸ், காலோஸில் அவனைத் தோற்கடித்த அதே அலன், எல்லோருக்கும் மேலே தோல்வியே அறியாத லியான். ஆஷ் காலிறுதியில் ஸ்டீவனையும், அரையிறுதியில் சிந்தியாவையும் தாண்டுகிறான். இனி யாரும் 'எளிது' என்று சொல்ல முடியாது.

லியானுடனான இறுதிப் போட்டி நான்கு எபிசோடுகள் நீண்டது. அதாவது, ஒரே மேட்ச் ஒரு மாதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாதியில் நிற்கும். அடுத்த ஆறு நாளும் ரசிகர்கள் கணக்குப் போடுவார்கள். யாரிடம் எத்தனை மிச்சம், எதற்கு எது எதிரி, அடுத்த வார முன்னோட்டத்தில் ஒரு நொடி வந்த அந்த நிழல் யாருடையது?

கடைசியில் மிஞ்சியது இரண்டுதான். ஒரு பக்கம் லியானின் சாரிசார்ட். இன்னொரு பக்கம் பிகாச்சு, நிற்கக்கூட முடியாத நிலையில். கண் மூடிச் சரியும் அந்த நொடியில், ஆஷோடு இதுவரை பயணம் செய்த எல்லாப் போக்கிமான்களும் பிகாச்சுவின் கண் முன் வருகின்றன. பாதியில் விட்டுப் பிரிந்தவை, நண்பர்களிடம் போனவை, ஓக்கின் தோட்டத்தில் காத்திருப்பவை என அத்தனையும். பிகாச்சு எழுந்து நிற்கிறது. கடைசி மின்னலில் சாரிசார்ட் விழுகிறது.

'பழைய போக்கிமான்களைப் போட்டிக்கே கூட்டிவந்திருக்கணும்' என்பவர்களும் உண்டு, 'அந்த ஒரு காட்சியே போதும்' என்பவர்களும் உண்டு. ஆனால், ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். வேறு எந்தத் தொடராலும் அந்தக் காட்சியை எடுத்திருக்க முடியாது. அதற்கு 25 வருஷக் கதை பின்னால் இருக்க வேண்டும்.

கோப்பையைவிடக் கண்ணீர் வரவழைத்தது எது?

வெற்றி கிடைத்த அடுத்த மாதமே, 2022 டிசம்பர் 16 அன்று, ஆஷும் பிகாச்சுவும் விடைபெறுகிறார்கள் என்று அறிவித்தார்கள். 2023 ஜனவரி 13 முதல் மார்ச் 24 வரை, 11 எபிசோடுகளில் ஒரு பிரியாவிடைத் தொடர். பழைய தோழர்கள் மிஸ்டியும் பிராக்கும் திரும்பி வந்தார்கள்.

ரசிகர்கள் காத்திருந்தது வேறொருவருக்காக. முதல் தொடரிலேயே, சிறு பறவைகளின் கூட்டத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் பிட்ஜாட்டைக் காட்டில் விட்டுப் பிரிந்தான் ஆஷ். 'திரும்பி வருவேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. அடுத்த ஊர், அடுத்த நாடு என்று போய்க்கொண்டே இருந்தான். 'ஆஷ் எப்போ பிட்ஜாட்டைக் கூப்பிடப் போவான்?' என்ற கேள்வி ரசிகர்கள் மத்தியில் கேலியாகவும், ஆதங்கமாகவும் கால் நூற்றாண்டு ஓடியது. கடைசி எபிசோடில் பிட்ஜாட் வந்தது. சண்டைக்காக அல்ல, அவனோடு சேர்ந்துகொள்ள.

உலகக் கோப்பை எபிசோடைக் கைதட்டிப் பார்த்தவர்கள், இதைப் பார்த்து அழுதார்கள் என்று ரசிகர்களிடம் பேசினால் தெரியும். 'எப்போ ஜெயிப்பான்?' என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, தாங்கள் அதைவிட அதிகமாக எதிர்பார்த்தது 'சொன்ன சொல்லைக் காப்பாத்துவானா?' என்பதற்கான பதிலைத்தான் என்பது அன்று புரிந்தது. சின்ன வயதில் நாம் எத்தனை பேரிடம் 'கட்டாயம் வர்றேன்' என்று சொல்லிவிட்டு வந்திருப்போம்!

'போக்கிமான் மாஸ்டர்' என்றால் என்ன என்ற கேள்விக்கும் அந்த எபிசோடில் ஆஷ் பதில் சொல்கிறான். எல்லோரையும் ஜெயிப்பவன் அல்ல. உலகத்தில் உள்ள எல்லாப் போக்கிமான்களோடும் நண்பனாக இருப்பவன். அந்தக் கணக்கில் அவன் பயணம் இன்னும் முடியவில்லை. தேய்ந்து கிழிந்த ஷூவை மாற்றிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்குகிறான்.

மாறாத குரல்கள்

தொடக்கம் முதல் முடிவு வரை ஜப்பானில் சதோஷிக்குக் குரல் கொடுத்தவர் ரிகா மட்சுமோட்டோ. 10 வயதுப் பையனின் குரல் ஒரு பெண்ணுடையது. பிகாச்சுவுக்குக் குரல் கொடுப்பவரும் பெண்தான், இகுவே ஓட்டானி. மற்ற பாத்திரங்களுக்கு மொழிக்கு மொழி குரல் மாறினாலும், பிகாச்சுவுக்கு உலகின் பல மொழிகளில் அவர் குரலையே அப்படியே வைத்திருக்கிறார்கள். 'பிகா பிகா' என்று நாம் கேட்டதும் டோக்கியோவில் பதிவான அதே குரல்தான்.

இன்னொரு மறக்க முடியாத எபிசோட்

போக்கிமானில் மிக அதிகம் பேசப்பட்ட எபிசோட் எது என்று கேட்டால், பலர் கை காட்டுவது 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பானதைத்தான். அதில் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மிக வேகமாக மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் பலருக்கு வலிப்பும் மயக்கமும் வர, 600-க்கும் மேற்பட்டோர் ஆம்புலன்ஸில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்றுபோனது. அந்த எபிசோட் அதற்குப் பிறகு ஒளிபரப்பாகவே இல்லை.

இதன் பிறகுதான் ஜப்பானிய டிவியில் ஒளி மின்னலுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 'வெளிச்சமான அறையில், டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள்' என்ற அறிவிப்பு அனிமே தொடர்களின் தொடக்கத்தில் பழக்கமானது. பிள்ளைகள் இருட்டில் போனைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் வீடுகளுக்கு இந்த அறிவுரை இன்றும் பொருந்தும். ரசிகர்களுக்கு மட்டும் ஒரு மனக்குறை. அந்த மின்னல் பிகாச்சுவின் தாக்குதலால் வந்தது. ஆனால், அந்த எபிசோடின் நாயகனான பாரிகான்தான் பழி சுமந்து, டிவி தொடரிலிருந்து ஓரங்கட்டப்பட்டது!

ஆஷுக்குப் பிறகு?

2023 ஏப்ரல் 14-ல் 'போக்கிமான் ஹொரைசன்ஸ்' தொடங்கியது. புதிய நாயகி லிகோ. கூச்ச சுபாவம் கொண்ட, மனதில் நினைப்பதைச் சொல்லத் தயங்கும் பெண். அவளோடு ராய் என்ற துடிப்பான பையன். 'ஆஷ் இல்லாத போக்கிமானா?' என்று முகம் சுளித்தவர்களை, பறக்கும் கப்பலில் பயணம், கழுத்துப் பதக்கத்தின் மர்மம், துரத்தும் எதிரிகள் என்று தொடர்கதையாகவே இழுத்துப் பிடித்தார்கள். இதிலும் ஒரு பிகாச்சு உண்டு. கேப்டன் தொப்பி போட்ட அது ஆஷுடையது அல்ல, வேறொரு பிகாச்சு. குரல் மட்டும் அதே ஓட்டானி.

ரசிகர்கள் இப்போது மும்முரமாகப் பேசுவது இன்னொரு மாற்றத்தைப் பற்றி. 2025-ல் கதை ஓராண்டு தாண்டிக் குதித்தது. லிகோவும் ராயும் கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். ஆஷுக்கு 25 ஆண்டுகளில் கிடைக்காத ஒரு பிறந்தநாள், இவர்களுக்கு இரண்டே ஆண்டுகளில் கிடைத்துவிட்டது.

எங்கிருந்து பார்க்கலாம்?

1,200-க்கும் மேல் எபிசோடுகள் என்றதும் பயப்பட வேண்டாம். யாரும் வரிசையாக எல்லாவற்றையும் பார்ப்பதில்லை.

* புதிதாகத் தொடங்கும் குழந்தைகளுக்கு: 'ஹொரைசன்ஸ்'. பழைய கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை.
* சின்ன வயதில் பார்த்து விட்டுப்போனவர்களுக்கு: முதல் எபிசோட், ஆஷ் தன் பட்டர்ஃபிரீயை வழியனுப்பும் 21-வது எபிசோட். பிறகு நேராக அலோலா லீக், லியானுடனான இறுதிப் போட்டி, கடைசி 11.
* நல்ல சண்டைக் காட்சிகள் வேண்டுபவர்களுக்கு: காலோஸ் தொடர். தோல்வி தெரிந்தே பார்த்தாலும் வலிக்கும்.
* சின்னக் குழந்தைகளோடு சிரித்துப் பார்க்க: அலோலா தொடர். 2016-ல் ஆஷின் முகத்தை மாற்றி வரைந்ததற்காகத் திட்டு வாங்கியது. பார்த்து முடித்த பலர் இப்போது அதைத்தான் மிகவும் கலகலப்பானது என்கிறார்கள்.

பிள்ளையோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் எங்கோ ஒரு லீக்கில் ஆஷ் தோற்கும்போது, 'கடைசியில ஜெயிச்சுடுவான், விடு' என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த எபிசோடில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பிள்ளையே பார்க்கட்டும்.